எழுத்து சொல்லாத ஒலிப்பு: தொலைக்காட்சித் தமிழ்ச் செய்தி வாசிப்பாளரின் நெடும்பணி

தொலைக்காட்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ச் செய்தி வாசித்த ஒருவர் ஓய்வு பெறும்போது அவருடைய குரல்வளமும் நேரந்தவறாமையும் தோற்றப் பொலிவும் பாராட்டப்படுகின்றன. பாராட்டு உண்மையானதே. ஆயினும் மேடைக் கலைஞர் எவருக்கும் பொருந்தக்கூடிய பாராட்டு அது. அத்தனை ஆண்டுகள் அவர் தமிழை எவ்வாறு ஒலித்தார், அவ்வொலிப்பை எங்கிருந்து பெற்றார், அவருக்குப் பின் அது எங்கே செல்கிறது என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வினாக்களுக்கு உரிய இடம் மொழித்துறையே என்பது நம் கருத்து. தமிழ் எழுத்துமுறை வாசகரின் அறிவுக்கே விட்டுவிடும் ஒலிப்புச் செய்திகள் பல உள்ளன. அவற்றை நாள்தோறும் பொதுமக்கள் செவிக்குக் கொண்டுசென்றவர் நெடுங்காலச் செய்தி வாசிப்பாளர். இக்கட்டுரை தனியொருவரின் வாழ்க்கை வரலாற்றைக் கூறவில்லை; அப்பணியின் இயல்பை விளக்க முற்படுகிறது.

வாசிப்பாளரும் நெறியாளரும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இப்பணியைச் செய்பவருக்கு நங்கூரம் என்னும் பொருள்படும் பெயர் உண்டு. நிகழ்ச்சி முழுவதும் அவரைச் சுற்றி நிலைகொண்டிருக்கும் என்பது அதன் உட்கருத்து. ஹூஸ்டன் நகரின் கேடிஆர்கே நிலையத்தில் 1966-இல் சேர்ந்து 2017-இல் விடைபெற்ற டேவ் வார்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே நிலையத்தில், ஒரே நகருக்கு மிக நீண்ட காலம் செய்தி வழங்கியவர் என்று கின்னஸ் நிறுவனம் அவரை அங்கீகரித்தது. பார்வையாளர்களை நண்பர்களே என்று அழைத்துச் செய்தியைத் தொடங்குவது அவர் வழக்கம். அந்நகர மக்களுக்கு அவர் செய்தியைக் கொண்டுவருபவர் மட்டுமல்லர். ஊர்ப் பெரியவரும் ஆவார்.

நம் மரபு வேறு. பிரிட்டிஷ் ஒலிபரப்பு முறையின் வழிவந்த நாடுகளில் இப்பணிக்கு வாசிப்பு என்றே பெயர். 1955 செப்டம்பர் வரை பிபிசி தொலைக்காட்சிச் செய்தியில் வாசிப்பவரின் முகம் காட்டப்படவில்லை. முகமும் முகபாவமும் செய்தியின் நடுநிலையைக் குலைக்கும் என்று அஞ்சினார்கள். வானொலியில் அவர்கள் பெயரைச் சொல்லத் தொடங்கியதுகூடப் புகழுக்காக அன்று. 1940-இல் போர்க்காலத்தில் பகைவரின் போலிக்குரலிலிருந்து உண்மைக் குரலை மக்கள் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே. தமிழில் செய்தி வாசிப்பாளர் என்னும் சொல் நிலைத்ததில் இம்மரபின் சாயலைக் காணலாம். ஒருவர் தம் கருத்தைக் கூறாமல், கையிலுள்ள உரையைப் பிழையின்றி ஒலிப்பதே அவர் கடமை. அண்மைக்காலமாக நெறியாளர் என்னும் சொல் பரவி வருகின்றது. உரையாடலை நடத்துபவருக்கு அது பொருந்தும். இரவுச் செய்தியை வாசிப்பவருக்குப் பழைய சொல்லே போதும் என்று நமக்குத் தோன்றுகிறது.

தம்மை மறைத்துக்கொண்டு உரையை முன்னிறுத்துவதே கடமையாகும்போது ஒலிப்பின் நேர்மை ஒன்றே வாசிப்பாளரின் மூலதனமாகிறது.

1963 முதல்

சிங்கப்பூரில் முன்னோட்டத் தொலைக்காட்சிச் சேவை 1963 பிப்ரவரி 15-இலும் முறையான சேவை ஏப்ரல் 2-இலும் தொடங்கின. சீன மொழிக்கும் தமிழுக்கும் உரிய எட்டாம் ஒளிவழி அதே ஆண்டு நவம்பர் 23-இல் வந்தது. கோலாலம்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது டிசம்பர் 28-இல். சிங்கப்பூர் அப்போது மலேசியாவின் ஒரு மாநிலம் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ஆகவே இரு நாட்டுத் தமிழ்த் தொலைக்காட்சிச் செய்திக்கும் பிறப்பு ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே பருவத்தில் நிகழ்ந்தது எனலாம்.

இருபத்தைந்து வயதில் 1963-இல் இப்பணிக்கு வந்த ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் அறுபதை எட்டும் 1998-க்குள் அவரைச் சுற்றி எல்லாம் மாறிவிட்டன. சிங்கப்பூரில் என்றால், 1965 ஆகஸ்ட் 9 அன்று நாடே மாறியது. 1974-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1980-இல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் உருவாயிற்று; 1994-இல் அதுவும் பிரிக்கப்பட்டது. மலேசியாவில் 1969 நவம்பரில் இரண்டாம் ஒளிவழியும் 1978 டிசம்பரில் வண்ணமும் வந்தன. 1996-இல் ஆஸ்ட்ரோவின் வருகையோடு போட்டியும் வந்தது. நிறுவனப் பெயர்கள் மாறின, ஒளிவழிகள் மாறின. பார்வையாளருக்கு மாறாமல் இருந்தது குரல் ஒன்றே. சிங்கப்பூரில் தமிழ் நிகழ்ச்சிகள் எட்டாம் ஒளிவழியிலிருந்து பன்னிரண்டுக்கும், 2000-இல் வசந்தம் சென்ட்ரலுக்கும், 2008 அக்டோபர் 19 முதல் வசந்தம் என்னும் தனி ஒளிவழிக்கும் இடம்பெயர்ந்தபோது, புதிய இடத்தை மக்கள் அடையாளம் கண்டுகொண்டதில் பழகிய குரலுக்கும் பங்குண்டு.

தொலைக்காட்சித் தமிழுக்கு முன்மாதிரியாக அமைந்தது வானொலித் தமிழ். வானொலிக்கும் கல்வித்துறைக்கும் இடையிலும் நெருக்கமான தொடர்பு இருந்தது. மலேசிய வானொலியில் அறிவிப்பாளராகவும் தயாரிப்பாளராகவும் பணியாற்றிப் பின்னர்ப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தகவல் சாதனத் துறைப் பேராசிரியரான ரெ. கார்த்திகேசு (1940–2016) இதற்குத் தக்க சான்று. ஒலிவாங்கியின் முன் பழகிய மொழியுணர்வை அவருடைய புனைகதைகளின் உரையாடல்களிலும் நாம் காண்கிறோம்.

இவ்வாசிப்பாளர்களின் வாய்வழியாகவே நம் அன்றாட நிருவாகச் சொற்கள் பல பேச்சுக்கு வந்தன. மத்திய சேமநிதி, பெருவிரைவு ரயில், ஊழியர் சேமநிதி வாரியம் முதலானவை தமிழ்நாட்டு வாழ்வில் இல்லாதவற்றைக் குறிக்கும் சொற்கள். அங்கிருந்து கடன்பெற இயலாது. மொழிபெயர்ப்பாளர் அவற்றை எழுத்தில் ஆக்கினார். ஆனால் ஒரு சொல் வாயில் இலகுவாக வருமா என்பதை முதலில் சோதித்தவர் வாசிப்பாளரே.

எழுத்து சொல்லாதவை

தமிழில் வல்லினத்திற்கு ஓர் எழுத்தே உண்டு; ஒலிப்புடை ஒலி, ஒலிப்பிலா ஒலி என்னும் வேறுபாட்டை எழுத்துக் காட்டுவதில்லை. தமிழ்ச் சொற்களைப் பொறுத்தமட்டில் இது குறைபாடன்று. சொல்லின் முதலில் எவ்வாறு ஒலிக்கும், மெல்லினத்திற்குப் பின் எவ்வாறு ஒலிக்கும் என்பதை இடமே உணர்த்திவிடும். கல் என்பதன் ககரத்தையும் தங்கம் என்பதன் ககரத்தையும் எந்தக் குழந்தையும் மாற்றி ஒலிப்பதில்லை.

இடர்ப்பாடு தோன்றுவது பெயர்களில். நம் செய்தி அறிக்கைகளில் மலாய், சீனப் பெயர்கள் இல்லாத பத்தி அரிது. பூச்சோங், புக்கிட் ஆகிய இரண்டும் பகரத்தில் தொடங்குகின்றன. முன்னதை ஒலிப்பின்றியும் பின்னதை ஒலிப்போடும் கூறவேண்டும். கிள்ளானும் கெந்திங்கும் அவ்வாறே. சிங்கப்பூரில் பொங்கோலும் பிடோக்கும், கிளமெண்டியும் கேலாங்கும் இதே வகையின. ஊர்ப்பெயரில் தவறு நேர்ந்தால் உள்ளூரார் சிரித்துவிட்டுப் போவர். மனிதர் பெயரில் அவ்வாறு விட இயலாது. முன்னாள் பிரதமர் கோ சோக் டோங்கின் குடும்பப் பெயரும் அரசதந்திரி டாமி கோவின் குடும்பப் பெயரும் தமிழ் எழுத்தில் ஒன்றே. ஒலியிலோ முன்னது ஒலிப்புடைக் ககரம். பின்னது ஒலிப்பிலாக் ககரம். இரண்டும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். தாளைப் பார்த்து மட்டும் வாசிப்பவர் இவ்வேறுபாட்டை அறிய வழியே இல்லை. அதை முன்னரே அறிந்தவரே சரியாக வாசிக்க முடியும்.

இதைத்தான் நெடும்பணி தருகிறது. ஆயிரக்கணக்கான பெயர்களின் ஒலிப்பை ஒருவர் ஆண்டுக்கணக்கில் கேட்டு, விசாரித்து, திருத்தப்பட்டு, மனத்தில் நிறுத்துகிறார். அது எந்த அகராதியிலும் இல்லாத அறிவு. அவர் ஓய்வு பெறும் நாளில் அவ்வறிவும் அவரோடு சென்றுவிடுகிறது. புதியவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். தொடக்கத்தில் அவர் நம்புவது எழுத்தை. எழுத்தோ இவ்விடத்தில் ஊமை.

பெயரை அடுத்து வருவது தொடரமைப்பு. மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ வரும் செய்தியில் யார் கூறினார் என்பது முதலில் நிற்கும். கூற்று பின்னர் வரும். தமிழில் கூற்று முழுவதும் முடிந்த பின்னரே கூறினார் என்னும் வினை வரும். நாமே ஒரு தொடரை அமைத்துக் காண்போம்: "அடுத்த மாதம் முதல் தண்ணீர்க் கட்டணம் உயரும் என்று கூறப்படுவதில் உண்மையில்லை என அமைச்சர் தெரிவித்தார்." கண்ணால் படிப்பவருக்கு இதில் சிக்கலில்லை. செவியால் கேட்பவர் உயரும் என்ற இடத்திலேயே திடுக்கிடுகிறார். அங்கே வாசிப்பாளரின் குரல் தாழ்ந்து முடிந்துவிட்டால் செய்தி தலைகீழாகிவிடும். குரலை இறக்காமல், ஏறிய நிலையிலேயே உண்மையில்லை என்னும் சொல் வரை தாங்கிச் செல்லவேண்டும். தேர்ந்த வாசிப்பாளர் அதைச் செய்கிறார். சிலர் ஒளிபரப்புக்கு முன்பே தொடரை மாற்றி, மறுத்தார் என்னும் செய்தியை முதலில் வைத்துவிடுகின்றனர்.

இதைவிட நுட்பமான இடம் ஒன்றுண்டு. "நேற்று கைதான தொழிலதிபரின் மகன்" என்னும் தொடரில் கைதானவர் யார்? தொழிலதிபரா, மகனா? தமிழ்ப் பெயரெச்சம் இரண்டிற்கும் இடம் தருகிறது. கைதான என்பதன்பின் சிறு நிறுத்தம் விட்டால் மகன் கைதானார். நிறுத்தாமல் தொழிலதிபரின் என்பதோடு சேர்த்தால் தந்தை கைதானார். கால் நொடி அமைதியில் ஒருவரின் நற்பெயர் தங்கியுள்ளது. எழுத்தில் இதற்குக் குறியீடு இல்லை. எழுதுபவர் தொடரை மாற்றியிருக்கலாம் என்று நாம் கூறுவோம். ஆனால் அந்தத் தாள் செய்தி தொடங்குவதற்குச் சற்று முன்னர்தான் வாசிப்பாளரின் கைக்கு வந்தது என்றால் அவர் நாவும் மூச்சும் தவிர வேறு துணை இல்லை.

இங்கு ஒப்புநோக்கத்தக்கது அகில இந்திய வானொலியின் டில்லித் தமிழ்ச் செய்திப் பிரிவு. ஏறத்தாழ 35 ஆண்டுகள் அங்கு வாசித்து, 2022 ஆகஸ்ட் 13-இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலைத் தமிழறிந்தோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். அப்பிரிவில் வாசிப்பாளரே மொழிபெயர்ப்பாளரும் ஆவார். பொதுச் செய்தி அறையிலிருந்து வரும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குபவர்களே ஒலிவாங்கியின் முன்னும் அமர்ந்தனர். தம் மூச்சுக்கு ஏற்ற தொடரைத் தாமே அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. தொலைக்காட்சியில் வேலை பகுக்கப்பட்டுவிட்டது. ஒருவர் மொழிபெயர்க்க, ஒருவர் செப்பனிட, மற்றொருவர் வாசிக்கிறார். கண்ணுக்காக எழுதப்பட்ட தொடரைச் செவிக்கு உரியதாக்கும் சுமை முழுவதும் கடைசி ஆளின் மேல் விழுகிறது. பகுதிநேரமாக வாசிப்போருக்கு அது மேலும் கடினம். பகல் முழுவதும் வேறு பணி. மாலையில் வந்தவுடன் பிறர் எழுதிய தொடர்கள்.

எண்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 1,250,000 என்பதைத் தமிழ்நாட்டு வாசிப்பாளர் பன்னிரண்டரை இலட்சம் என்பார். இங்கு அதைக் கேட்பவர் மனத்துக்குள் ஒரு கணக்குப் போடவேண்டியிருக்கும். ஒரு மில்லியன் இருநூற்று ஐம்பதாயிரம் என்றால் உடனே விளங்கும். இதைத் தமிழ்க் கலப்பு என்று குறைகூறுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பணத்தை இந்நாட்டுத் தமிழர் வெள்ளி என்றும் வழங்குகின்றனர். அதுவும் தமிழ்நாட்டில் இவ்வாறு வழங்குவதில்லை. ஆயினும் அது பிழையன்று. மில்லியனும் அவ்வாறே இம்மண்ணின் வழக்கு. பிழை எங்கே நேர்கிறது என்றால், ஆயிரம், நூறு ஆகியவை அடுத்த எண்ணோடு சேரும்போது கொள்ளும் வடிவங்களில். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து என்பது இரண்டாயிரம் முந்நூறு நாற்பத்தைந்து என்று சிதறுகிறது. எண்ணுருவில் எழுதப்பட்டிருப்பதால் சாரியை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத சாரியையை நாவு நினைவிலிருந்து கொண்டுவரவேண்டும்.

திரைவழி வாசிப்பு

தொடக்ககால வாசிப்பாளர் தாளைப் பார்த்து வாசித்தார். தொடர் முடிவில் தலைநிமிர்ந்து ஒளிப்படக் கருவியைப் பார்த்தார். பின்னர் உரை கருவியின் முன்பே ஓடும் திரைவழி வாசிப்பு வந்தது. பார்வையாளரோடு கண்ணோடு கண் பேசுவதுபோன்ற தோற்றம் கிட்டியது. ஆனால் தமிழுக்கு இக்கருவி அத்துணை இணக்கமானதன்று. தொலைவிலிருந்து படிக்கவேண்டியிருப்பதால் எழுத்துகள் பெரியவை; ஒரு வரியில் சில சொற்களே கொள்ளும். தமிழின் வினைமுற்றோ நடைமுறைப்படுத்தப்படவிருக்கின்றன என்பதுபோல் ஒன்றே ஒரு வரியை நிரப்பிவிடும். தாளில் ஒரு பத்தியை ஒருசேரக் கண்டு தொடரின் முடிவை முன்னரே அறிந்து வாசித்தவருக்கு, இப்போது முடிவு இரண்டு மூன்று வரிகளுக்குக் கீழே மறைந்து கிடக்கிறது. வினை இறுதியில் வரும் மொழிக்கு இது பெருந்தொல்லை. இளைய வாசிப்பாளர்களிடம் நாம் கேட்கும் ஒரே சீரான, ஏற்ற இறக்கமற்ற ஓசைக்கு அவர்களுடைய தமிழறிவுக் குறைவே காரணம் என்று கூறுவது முழு நியாயமாகாது. கருவிக்கும் அதில் பங்குண்டு.

வகுப்பறைக்கு

சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல்முறை மறுஆய்வுக் குழு 2005-இல் வெளியிட்ட அறிக்கை, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் பேசும் தமிழை வகுப்பறையில் ஏளனம் செய்து, மாணவர்களைத் தமிழ் பேசுவதிலிருந்தே விரட்டிய காலம் ஒன்றிருந்தது. அதை நோக்க இப்பரிந்துரையை நாம் வரவேற்கிறோம். அதன் விளைவாக வேறொரு நிலையும் ஏற்பட்டுள்ளது. எழுத்துத் தமிழை உரத்து ஒலிக்கக் கேட்கும் வாய்ப்பு மாணவர்க்குச் சுருங்கிவிட்டது. தொடரும் நாடகமும் பேட்டியும் பேச்சுத் தமிழில் அமைகின்றன. அதுவே முறையும் ஆகும். எஞ்சியிருப்பன செய்தியும் சில மேடைகளும் மட்டுமே. ஆனால் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழிப் பிரிவில் வாய்விட்டு வாசித்தல் இன்றும் ஒரு பகுதி. எதைக் கேட்டு மாணவர் அதைப் பழகுவர்? 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020-இல் அது 2.5 விழுக்காடு. வீட்டில் தமிழொலி குறையக் குறையத் திரையில் ஒலிக்கும் தமிழின் பொறுப்புக் கூடுகிறது. மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால் நிலைமை வேறு. ஆயினும் அங்கும் ஒலிப்புக்கு முன்மாதிரி ஆசிரியர் ஒருவரே என்னும் நிலை பல பள்ளிகளில் உண்டு.

செய்தி வாசிப்பை வகுப்பறையில் பயன்படுத்தும் ஆசிரியர்கள் பொதுவாக லகர ளகர ழகர வேறுபாட்டோடு நிறுத்திக்கொள்கின்றனர். அது எளிது, திருத்துவதும் எளிது. மேலே காட்டிய பெயரெச்ச நிறுத்தம், கூற்றுத் தொடரில் குரலைத் தாங்குதல், எண்களின் சாரியை ஆகியவற்றைக் கேட்டு இனங்காணச் செய்தால் இலக்கணப் பாடமும் உடன் நடந்தேறும். ஒரே செய்தித் தொடரை இருவேறு நிறுத்தங்களோடு வாசிக்கச் செய்து பொருள் மாறுவதை மாணவரையே கூறச்சொல்லலாம். உயர்நிலை மாணவர் இதை விளையாட்டாகவே கற்றுக்கொள்வர்.

ஆய்வாளர்க்கு உரிய பணி வேறு. சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் நேர்காணல்களைப் பதிவு செய்து வருகிறது. இத்தகைய பதிவுகளை வரலாற்றாசிரியர்கள் அதில் கூறப்படும் நிகழ்ச்சிகளுக்காகக் கேட்கின்றனர். மொழியியலாளர் கூறும் முறைக்காகக் கேட்கவேண்டும். மலாய், சீனப் பெயர்களுக்கு ஓர் ஒலிப்புப் பட்டியலை, ஓய்வுபெற்ற வாசிப்பாளர்களை அமர்த்தி அவர்கள் குரலிலேயே பதிவு செய்யலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை; ஒரு துறையின் மாணவர்கள் ஓராண்டில் முடிக்கக்கூடிய வேலை.

அவர்கள் வாசித்த தாள்களையும் தேடவேண்டும். தாளில் வாசித்தவர்கள் தமக்கெனச் சில குறிகளை இட்டுக்கொள்வர்: மூச்சுவிடும் இடத்தில் சாய்கோடு, குரல் தாழக்கூடாத சொல்லின்மேல் வளைகோடு, அயற்பெயரின் ஓரத்தில் உரோமன் எழுத்தில் அதன் ஒலிப்பு. தமிழ் எழுத்துமுறை விட்டுவைத்த இடைவெளிகளைத் தேவை நேர்ந்த இடத்தில் ஒருவர் பேனாவால் நிரப்பிய சான்றுகள் அவை. செய்தி முடிந்ததும் தாள் குப்பைக்குப் போவதே வழக்கம். எனினும் முக்கியமான நாள்களின் தாள்களைச் சிலரேனும் வீட்டில் வைத்திருக்கக்கூடும். 1963-இல் இருபதுகளில் இருந்த அத்தலைமுறையினர் இன்று எண்பதைக் கடந்தவர்கள்.